மருந்தை அல்ல, நோக்கத்தை அளக்கட்டும் சட்டம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாசுத் தொழிலாளர்கள் ‘மருந்து’ என்று சொல்லும் கலவை, வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், கரித்தூள் முதலியவற்றை ரகத்துக்கு ஏற்ற அளவில் சேர்த்து உருவாக்கப்படுவது. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில், கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு அருகில் கார் ஒன்று வெடித்துச் சிதறி அதில் வந்த இளைஞர் உயிரிழந்த பிறகு, அவருடைய வீட்டிலிருந்து கைப்பற்றியதாகக் காவல்துறை அறிவித்த ஏறத்தாழ 75 கிலோ பொருட்களிலும் இதே வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கரித்தூளும் இருந்தன. ஓரிடத்தில் இவை பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்புக்கான மூலப்பொருள். இன்னோரிடத்தில் தேசியப் புலனாய்வு முகமை விசாரிக்கும் பயங்கரவாத வழக்கின் சான்றுப்பொருள். இவ்விரண்டையும் வேதியியல் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டும் பொறுப்பு குற்றவியல் சட்டத்துக்கு உரியது. அந்தப் பொறுப்பைச் சட்டம் எந்த அளவுக்குத் துல்லியமாக நிறைவேற்றுகிறது என்ற கேள்வி, தலைநகரத்துச் சட்ட வல்லுநர்களைப் போலவே வெடிமருந்தோடு நாள்தோறும் புழங்கும் விருதுநகர் மாவட்டத்து மக்களுக்கும் நேரடியாக உரியது.

ஒரு செயலைப் பயங்கரவாதமாக்குவது அதில் பயன்பட்ட பொருளோ, அதைச் செய்தவர் பேசிய பேச்சோ, அவர் சார்ந்த அமைப்பின் பெயரோ அல்ல. மக்களை அச்சத்தில் ஆழ்த்த வேண்டும், அல்லது அரசைப் பணியவைக்க வேண்டும் என்ற நோக்கம் வன்முறையோடு சேரும்போதுதான் குற்றம் பயங்கரவாதம் ஆகிறது. அந்த நோக்கத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய கடமை அரசுக்கே உரியது. இந்திய நீதிமன்றங்கள் முக்கியமான தருணங்களில் இந்தக் கோட்டைக் காத்திருக்கின்றன. சட்டமியற்றுவோர் அதே கோட்டைத் தொடர்ந்து அழித்து வந்திருக்கிறார்கள்.

மூன்று படிகள்

வெடிபொருள் தொடர்பான இந்தியச் சட்டங்களை மூன்று படிகளாகப் பார்க்கலாம். முதல் படி 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். உற்பத்தி, இருப்பு, விற்பனை, போக்குவரத்து ஆகியவற்றை உரிமத்தின் வழியாக ஒழுங்குபடுத்துவதே இதன் வேலை. இதன்கீழ் வகுக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டு விதிகள் வெடிபொருட்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, பட்டாசை ஏழாவது வகுப்பில் வைக்கின்றன. அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பன போன்றவற்றையும் இவ்விதிகளே வரையறுக்கின்றன. பட்டாசு வட்டாரத்தில் ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று மக்கள் தரம் பிரித்துச் சொல்வது, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம், அதன் சென்னை அலுவலகம், மாவட்ட வருவாய் அலுவலர் என உரிமம் தரும் அதிகாரியைப் பொறுத்தது. உரிமமின்றிப் பட்டாசு உற்பத்தி செய்தால் இச்சட்டத்தின் பிரிவு 9-பி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வீட்டிலோ தோட்டத்திலோ கள்ளத்தனமாகப் பட்டாசுக்கான கருந்திரி தயாரித்ததாகவோ பதுக்கியதாகவோ சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் அடிக்கடி பதிவாகும் வழக்குகள் பெரும்பாலும் இந்தப் படியில் அடங்குபவை. இங்கே குற்றம் விதியை மீறியதுதான். தீய நோக்கம் இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

இரண்டாவது படி 1908-ஆம் ஆண்டின் வெடிமருந்துப் பொருட்கள் சட்டம். அயர்லாந்து விடுதலைப் போராளிகளின் டைனமைட் தாக்குதல்களுக்குப் பின் பிரிட்டன் 1883-இல் அவசரமாக நிறைவேற்றிய சட்டமே இதற்கு முன்மாதிரி. 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் குண்டு வீசிய சில வாரங்களில், அதாவது ஜூன் 8 அன்று, பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் இதுவும் ஒரே நாளில் இயற்றப்பட்டன. வெடிக்கச் செய்யும் பொருளை மட்டுமல்லாமல் அதைத் தயாரிக்கப் பயன்படும் எந்த மூலப்பொருளையும் ‘வெடிமருந்துப் பொருள்’ என்று இது வகைப்படுத்துவதால், ஒரு மூட்டைக் கந்தகமும் இதன் வரையறைக்குள் வரக்கூடும். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளைவிக்கும் வகையில் வெடிக்கச் செய்வதைப் பிரிவு 3 தண்டிக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட பயன்பாட்டுக்கு அல்ல என்ற நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வெடிமருந்துப் பொருளை வைத்திருப்பதையே பிரிவு 5 தண்டிக்கிறது. பயன்பாடு முறையானதுதான் என்று காட்டும் பொறுப்பையும் அது குற்றம் சாட்டப்பட்டவர் மீது சுமத்துகிறது. ஆயினும் மாவட்ட ஆட்சித் தலைவரின் இசைவு இல்லாமல் விசாரணையைத் தொடங்க முடியாது என்ற பிரிவு 7, ஒரு காப்பாக இன்றும் நிற்கிறது. 2019-இல் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த 1908-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்க்கப்பட்டதால், இதன்கீழ் பதியப்படும் வழக்கு மாநிலக் காவல்துறையின் கையைவிட்டு மத்திய முகமைக்குச் செல்ல வழி திறந்திருக்கிறது.

மூன்றாவது படி 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டம். செய்தித்தாள்கள் ‘உபா’ என்று சுருக்கி எழுதுவது இதைத்தான். தொடக்கத்தில் பிரிவினைவாத அமைப்புகளைத் தடைசெய்வதற்காக இயற்றப்பட்ட இச்சட்டத்தில், ‘பொடா’ என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நீக்கப்பட்ட 2004-இல் பயங்கரவாதம் பற்றிய அத்தியாயங்கள் சேர்க்கப்பட்டன. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் அவை மேலும் கடுமையாக்கப்பட்டன. பட்டாசு வட்டாரத்துக்கு நேரடித் தொடர்புள்ள பிரிவு 23, முதல் இரு படிகளையும் மூன்றாவது படியோடு இணைக்கிறது: பயங்கரவாதிக்கோ பயங்கரவாத அமைப்புக்கோ உதவும் நோக்கத்தோடு 1884, 1908-ஆம் ஆண்டுச் சட்டங்களில் எதை மீறினாலும் 5 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை கிடைக்கும். ஆகவே 3 ஆண்டைத் தாண்டாத குற்றத்தை ஆயுள் தண்டனைக்குரியதாக உயர்த்துவது ‘உதவும் நோக்கத்தோடு’ என்னும் ஒற்றை நிபந்தனை. அந்த நிபந்தனை மெய்ப்பிக்கப்பட்டால் கடும் தண்டனை நியாயமானது. அதை வெறும் ஊகத்தால் நிரப்பிவிட்டால், வறுமையால் திரி தயாரித்தவரும் குண்டுவெடிப்புக்கு மருந்து கொடுத்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவார்கள்.

வரையறைக்குள் இருக்கும் இடைவெளிகள்

உபா சட்டத்தின் பிரிவு 15 பயங்கரவாதச் செயலை மூன்று கூறுகளால் வரையறுக்கிறது. முதலாவது நோக்கம்: நாட்டின் ஒற்றுமை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொருளாதாரப் பாதுகாப்பு அல்லது இறையாண்மையை அச்சுறுத்தும் நோக்கம், அல்லது மக்களிடையே பீதியை விளைவிக்கும் நோக்கம். இரண்டாவது வழிமுறை: குண்டு, டைனமைட், பிற வெடிபொருட்கள், தீப்பற்றும் பொருட்கள், துப்பாக்கிகள், நச்சு வாயுக்கள் முதலியன. மூன்றாவது விளைவு: உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம், இன்றியமையாப் பொருட்களின் வழங்கல் தடைபடுதல், கள்ளநோட்டுப் புழக்கத்தால் நாணயத்தின் நிலைத்தன்மை குலைதல், ஆட்கடத்தல் போன்றவை. இவற்றில் பொருளாதாரப் பாதுகாப்பும் கள்ளநோட்டும் பிந்தைய திருத்தங்களால் நுழைந்தவை.

இந்த மூன்று கூறுகளும் ஒருங்கே நிறைவேறினால்தான் குற்றம் என்றிருந்தால் வரையறை உறுதியாக நின்றிருக்கும். ஆனால் முதற்கூறில் நோக்கத்துக்கு மாற்றாக, அத்தகைய அச்சுறுத்தலோ பீதியோ ‘ஏற்படக்கூடிய’ செயல் என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதனால் செய்தவர் மனத்தில் அப்படியொரு எண்ணமே இல்லாவிட்டாலும், அவருடைய செயலுக்கு அந்த விளைவு நேரக்கூடும் என்று விசாரணை அதிகாரி கருதினால் போதும் என்ற நிலை உருவாகிறது. இரண்டாவது கூறில் வெடிபொருட்களின் நீண்ட பட்டியலுக்குப் பிறகு, எத்தன்மையதாயினும் வேறு எந்த வழிமுறையும் என்ற பொதுச்சொல் வருவதால், பட்டியலிட்டதன் பயனே கேள்விக்குள்ளாகிறது. குற்றம் எது என்பதைக் குடிமக்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்ற குற்றவியல் சட்டத்தின் முதற்கொள்கை, இவ்விரு இடங்களிலும் தளர்ந்துபோகிறது.

மூன்றாவது இடைவெளி சான்று பற்றியது. பிரிவு 43-இ, குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டு, அதே தன்மையுடைய வெடிபொருட்கள் பயங்கரவாதச் செயலில் பயன்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால், மாறாக அவர் நிறுவாதவரை அவரே அச்செயலைச் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. ராணுவம் மட்டுமே பயன்படுத்தும் ஆர்டிஎக்ஸ் போன்ற பொருள் ஒரு வீட்டில் கிடைத்தால் இந்த அனுமானத்துக்கு ஓரளவு தர்க்கம் உண்டு. ஆனால் வெடியுப்பும் கந்தகமும் ஊரின் அன்றாடச் சரக்காக இருக்கும் ஒரு வட்டாரத்தில் ‘அதே தன்மையுடைய பொருள்’ என்பது எதையும் மெய்ப்பிப்பதில்லை. பொருளின் அபூர்வத்தைக் கணக்கில் கொள்ளாத அனுமானம், உரிமம் உள்ளவரைக் காப்பாற்றினாலும், உரிமமில்லாத சிறு உற்பத்தியாளரைச் செய்யாத குற்றத்தின் நிழலுக்குள் தள்ளக்கூடியது.

நீதிமன்றம் வரைந்த கோடு

பயங்கரவாதச் சட்டங்களின் வரையறைக்கு எல்லை வகுத்த தீர்ப்புகளில் முதன்மையானது தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஒரு பெருங்குற்றத்திலிருந்து பிறந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு பொதுமக்களும் காவலர்களும் உயிரிழந்தனர். ‘தடா’ என்று அறியப்பட்ட பயங்கரவாத மற்றும் சீர்குலைவு நடவடிக்கைகள் (தடுப்பு) சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில், பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கொலைச் சதிக் குற்றத்துக்காக நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, மூவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது.

அந்தத் தீர்ப்பில் சட்ட வரலாற்றுக்கு முக்கியமான கூறு, தடா சட்டத்தின்படி இது பயங்கரவாதச் செயல் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. சதியின் இலக்கு ஒரு தனிமனிதரைக் கொல்வதாக இருந்ததே தவிர, அரசைப் பணியவைப்பதோ மக்களைப் பீதிக்குள்ளாக்குவதோ சதிகாரர்களின் நோக்கமாக இருந்ததற்குச் சான்றில்லை என்று நீதிபதிகள் கூறினர். நாடே அதிர்ந்த ஒரு படுகொலையில், வெடிகுண்டும் பின்னாளில் தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கமும் அரசியல் தலைவரின் மரணமும் ஒருங்கே இருந்தும், நோக்கம் என்ற கூறு தனியாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் உறுதியாக நின்றது. எல்லாப் பயங்கரவாதிகளும் குற்றவாளிகளாக இருக்கலாம், ஆனால் எல்லாக் குற்றவாளிகளையும் பயங்கரவாதிகள் என்று முத்திரையிட முடியாது என்ற கருத்தை 1994-இல் ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்வைத்திருந்தது; ராஜீவ் வழக்கு அதற்கு உரைகல் ஆயிற்று.

ஆனால் அதே வழக்கு, முத்திரை அகன்ற பிறகும் அதன் வடு எப்படி நிலைக்கிறது என்பதையும் காட்டியது. சாதாரணச் சட்டத்தில் காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. தடா சட்டத்தின் பிரிவு 15 அதைச் சான்றாக்கியது. தடா குற்றங்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் மீதே, தடாவின் கீழ் பதிவான ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொண்டு கொலைச் சதியை மெய்ப்பிக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 19 வயதில் கைதான பேரறிவாளன் மீது சுமத்தப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு, வெடிகுண்டில் பயன்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது. அவை எதற்காக வாங்கப்படுகின்றன என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் தாம் சேர்க்காமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன் பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 31 ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். தண்டனைத் தீர்ப்பு ரத்து செய்யப்படவில்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருளை வாங்கியவரின் மனத்தில் என்ன இருந்தது என்ற ஒற்றைக் கேள்வியே ஒரு மனிதரின் தூக்குக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட தூரம் என்றால், நோக்கம் பற்றிய சான்று எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாக விளக்கும் வழக்கு தமிழ்நாட்டில் இல்லை.

அமைப்பும் ஆதரவும்

பயங்கரவாதச் செயலை வரையறுப்பது ஒன்று. பயங்கரவாத அமைப்பை அடையாளப்படுத்துவது மற்றொன்று. உபா சட்டத்தில் இதற்கு இரு தனித்தனி வழிகள் உள்ளன. பிரிவு 3-இன்படி ஓர் அமைப்பைச் ‘சட்டவிரோத அமைப்பு’ என அறிவிக்கும் அரசு, உயர் நீதிமன்ற நீதிபதியைக் கொண்ட தீர்ப்பாயத்தின் முன் அதற்கான காரணங்களை வைத்து 6 மாதங்களுக்குள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் பாப்புலர் பிரண்ட் ஆஃப் இந்தியா இவ்வாறே தடைசெய்யப்பட்டது. பிரிவு 35-இன்படி முதல் அட்டவணையில் ‘பயங்கரவாத அமைப்பு’ என்று சேர்ப்பதற்குத் தீர்ப்பாயம் இல்லை. அரசின் நம்பிக்கையே போதும். பெயரை நீக்கக் கோரும் மனுவை முதலில் அரசே பரிசீலிக்கும். பிறகு அரசு நியமிக்கும் மறுஆய்வுக் குழு பரிசீலிக்கும். கடுமை குறைந்த தடைக்கு நீதித்துறைச் சோதனை இருக்க, கடுமை மிகுந்த முத்திரைக்கு அது இல்லாதிருப்பது இச்சட்டத்தின் பெரிய முரண்.

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் இவ்விரு வழிகளிலும் தடைக்கு உள்ளானது. 1992 மே 14 முதல் சட்டவிரோத அமைப்பாக அறிவிக்கப்பட்டு, தொடர்ந்து நீட்டிக்கப்பட்டுவரும் அந்தத் தடை, 2024 மே மாதத்தில் மீண்டும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. பிரிட்டனில் தடையை எதிர்த்து முறையிடத் தனி மேல்முறையீட்டு ஆணையம் உண்டு. 2020 அக்டோபரில் அந்த ஆணையம் புலிகள் மீதான தடையைத் தொடர உள்துறை எடுத்த முடிவு குறைபாடுடையது என்று தீர்ப்பளித்தது. மறுபரிசீலனைக்குப் பின் தடை நீடித்து, 2024-இல் ஆணையமும் அதை ஏற்றது. இறுதி முடிவு ஒன்றேயானாலும், அரசு தன் காரணங்களைச் சுதந்திரமான அமைப்பின் முன் வைத்துக் குறுக்குக் கேள்விகளுக்கு உட்படும் நடைமுறை அங்கே இருக்கிறது. பட்டியலின் நம்பகத்தன்மையை உயர்த்துவது அந்த நடைமுறைதான்.

அமைப்பு தடைசெய்யப்பட்டுவிட்டால், அதை ஆதரித்துப் பேசுவது குற்றமா? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை தர நேர்ந்ததற்கு, அன்றைய சிவகாசி நாடாளுமன்ற உறுப்பினரின் வழக்கும் ஒரு காரணம். 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டு அமர்வில் பொடா சட்டம் நிறைவேறியபோது ஆளும் கூட்டணியின் உறுப்பினராக அதை ஆதரித்தவர் மதிமுக பொதுச்செயலாளர் வைகோ. அவ்வாண்டு ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக, ஜூலை 11 அன்று அதே சட்டத்தின் கீழ் அவரைத் தமிழ்நாடு அரசு கைது செய்தது. சட்டமியற்றிய அவையின் உறுப்பினர் ஒருவர் அச்சட்டத்தின் கைதியாகி, ஏறத்தாழ 19 மாதங்களைச் சிறையில் கழித்தார். பழ. நெடுமாறனும் அதே ஆண்டில் பொடாவில் கைதானார். பொடாவின் செல்லுபடித் தன்மையை எதிர்த்த வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது; ஆனால் உறுப்பினராதல், ஆதரவளித்தல், நிதி திரட்டல் ஆகிய பிரிவுகள், பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் அல்லது அதற்குத் துணைபோகும் நோக்கம் இருந்தால் மட்டுமே பொருந்தும் என்று வரம்பு கட்டியது. வெறும் அனுதாபமோ கருத்தோ குற்றமாகாது என்ற இந்த வரம்பின் சாரம், உபா சட்டத்தின் 38, 39 பிரிவுகளில் ‘அவ்வமைப்பின் செயல்பாடுகளை முன்னெடுக்கும் நோக்கத்துடன்’ என்ற நிபந்தனையாக இடம்பெற்றது.

ஆயினும் பின்வந்த போக்கு ஒரே சீராக இல்லை. தடைசெய்யப்பட்ட அமைப்பில் வெறுமனே உறுப்பினராக இருப்பது குற்றமாகாது என்று 2011-இல் அரூப் புயான் வழக்கில் கூறப்பட்டது. சட்டவிரோத அமைப்புகள் பற்றிய பிரிவு 10-ஐப் பொறுத்தவரை அந்தக் கருத்து தவறு என்று 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியமைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், எந்த அமைப்பையும் சாராத தனிமனிதரையும் நான்காவது அட்டவணையில் ‘பயங்கரவாதி’ என்று அரசு சேர்க்க வழிசெய்தது. அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றவர்கள் மசூத் அசார், ஹபீஸ் சயீத் போன்றவர்கள் என்பதால் எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. ஆனால் எந்த நீதிமன்றமும் குற்றவாளி எனத் தீர்க்காத குடிமகனை நிர்வாக ஆணையால் பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரம், யார் மீது முதலில் பயன்பட்டது என்பதால் நியாயம் பெற்றுவிடாது.

முத்திரையின் விலை

இந்த வரையறைகளைத் துல்லியமாக்க வேண்டிய அவசியம் வெறும் கோட்பாட்டுப் பிரச்சினை அன்று. வழக்கில் பயங்கரவாதப் பிரிவு ஒன்று சேர்ந்த கணத்திலிருந்து நடைமுறை முழுவதும் மாறிவிடுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கான அதிகபட்சக் காலம் 90 நாட்களிலிருந்து 180 நாட்கள் வரை நீளலாம். பிரிவு 43-டி(5) இன்படி, குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை என நம்ப நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் பிணை வழங்க முடியாது; அந்தக் கட்டத்தில் சான்றுகளை எடைபோட்டுப் பார்ப்பதற்கும் 2019-ஆம் ஆண்டு வத்தாலி தீர்ப்பு எல்லை வகுத்துவிட்டது. விசாரணை முடியாமல் ஆண்டுகள் கடந்தால் அரசமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என்று 2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது நிம்மதியே என்றாலும், அது ஆண்டுகளை இழந்த பிறகு கிடைக்கும் நிம்மதி.

பயங்கரவாதத்தைத் தண்டிக்கச் சிறப்புச் சட்டம் இல்லாமல் முடியாது என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டின் அனுபவமே விடை சொல்கிறது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அப்போது தடா காலாவதியாகி இருந்தது, பொடா பிறந்திருக்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டமும் 1908-ஆம் ஆண்டு வெடிமருந்துப் பொருட்கள் சட்டமும் உள்ளிட்ட வழக்கமான சட்டங்களின் கீழ் நடந்த விசாரணையில் 2007-இல் 158 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, பலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே வழக்கில் 9 ஆண்டுகளுக்கு மேல் பிணையின்றிச் சிறையில் இருந்த கேரள அரசியல் தலைவர் மதானி, இறுதியில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். வழக்கமான சட்டத்தின் கீழேயே விடுதலைக்கு இவ்வளவு காலம் ஆகுமென்றால், பிணையின் வாசலைச் சட்டமே அடைத்துவைக்கும்போது நிரபராதி ஒருவர் இழக்கும் ஆண்டுகளை ஊகிப்பது கடினமல்ல.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பயங்கரவாதச் செயலை முதன்முறையாகப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் பிரிவு 113 பெரும்பாலும் உபாவின் வரையறையையே எடுத்தாள்கிறது. ‘ஏற்படக்கூடிய’ என்ற தளர்வும் ‘வேறு எந்த வழிமுறையும்’ என்ற பரப்பும் அங்கும் தொடர்கின்றன. உபாவின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன்அனுமதி வேண்டும், அதற்கு முன் தனி அதிகாரி ஒருவர் சான்றுகளை ஆராய வேண்டும் என்ற காப்பு உண்டு. பிரிவு 113-இல் அந்தக் காப்பு இல்லை. மறுபுறம், உபாவின் பிணைத் தடை பிரிவு 113-க்குப் பொருந்தாது. ஒரே செயலை இந்த இரண்டில் எதன்கீழ் பதிவுசெய்வது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் விடப்பட்டிருக்கிறது. எந்த அளவுகோலின்படி முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் கூறவில்லை. பிணை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் அந்த முடிவு, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் அதிகாரியின் விருப்பமாக இருப்பது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கைக்குப் பொருந்தாது.

உலக அரங்கிலும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. பயங்கரவாதத்தைத் தடுக்க 1937-இல் நாடுகளின் சங்கம் உருவாக்கிய உடன்படிக்கையை ஏற்புறுதி செய்த ஒரே நாடு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கே வரவில்லை. 1996-இல் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா முன்மொழிந்த முழுமையான உடன்படிக்கை, வரையறையில் ஒருமித்த கருத்து ஏற்படாததால் இன்னும் முடிவடையவில்லை. ஆனால் 2004-இல் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1566-ஆம் தீர்மானம் ஒரு பயனுள்ள அளவுகோலைத் தருகிறது: மரணத்தையோ கடும் காயத்தையோ விளைவிக்கும் நோக்கமோ பிணைக்கைதியாக்கலோ, பொதுமக்களை அச்சுறுத்தும் அல்லது அரசைக் கட்டாயப்படுத்தும் இலக்கு, ஏற்கெனவே பன்னாட்டு உடன்படிக்கைகளின்படி குற்றமான செயல் ஆகிய மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டும் என்பதே அது. அண்டை நாடான இலங்கையின் அனுபவம் எச்சரிக்கையாக நிற்கிறது. 1979-இல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் எனத் தற்காலிகமாக இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்கும் அச்சட்டத்தால் தமிழ் இளைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றி அடைபட்டனர். அச்சட்டம் அங்கே அமைதியைக் கொண்டுவரவில்லை.

அரசுத் தரப்பு நியாயத்தையும் புறந்தள்ள முடியாது. குண்டு வெடித்த பின் தண்டிப்பதைவிட வெடிக்குமுன் தடுப்பது மேலானது. சதி இருளில் தீட்டப்படுவதால் நேரடிச் சான்று அரிதாகவே கிடைக்கும். கோவையில் அந்தக் கார் கூட்டத்துக்கு நடுவில் வெடித்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு அச்சமூட்டுவது. ஆகவே சதி, பயிற்சி, நிதியளிப்பு, மருந்து வழங்கல் ஆகியவற்றைச் செயல் நிகழும் முன்பே குற்றமாக்குவது அவசியம். ஆனால் அவை அனைத்திலும் நோக்கத்தை மெய்ப்பிக்க முடியும்: செய்திப் பரிமாற்றம், பணப் பரிமாற்றம், ஒத்திகை, இலக்கை உளவு பார்த்தல் ஆகியவை நோக்கத்தின் தடயங்கள். அவற்றைத் தேடுவதே புலனாய்வு. ‘ஏற்படக்கூடிய’ என்ற தளர்வும் ‘அதே தன்மையுடைய பொருள்’ என்ற அனுமானமும் புலனாய்வின் சுமையைக் குறைக்கின்றனவே தவிர, அதன் தரத்தை உயர்த்துவதில்லை.

பட்டாசு வட்டாரத்துக்கு இதில் மற்றொரு நியாயமும் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நிகழ்ந்தவை போன்ற விபத்துகள் எத்தனையோ தொழிலாளர்களின் உயிரைக் குடித்திருக்கின்றன. அந்த மரணங்களுக்குக் காரணமான விதிமீறல்களைத் தடுப்பது முதல் படியின் பணி. அந்த முதல் படி வலுவாக இருந்தால், மூலப்பொருள் கள்ளச் சந்தைக்குக் கசிவதும் குறையும். உரிமம் வழங்கலையும் ஆய்வையும் இருப்புக் கணக்கையும் ஒழுங்காக நடத்துவதே விபத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் எதிரான முதல் தற்காப்பு. கடைசிப் படியின் கடுமையைக் கூட்டுவதால் முதல் படியின் சோம்பலை ஈடுகட்ட முடியாது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பிரிவு 15-இலும் பிரிவு 113-இலும் நோக்கத்துக்கு மாற்றாக நிற்கும் ‘ஏற்படக்கூடிய’ என்ற பகுதியை நீக்கி, நோக்கமும் வன்முறையும் ஒருங்கே இருந்தால் மட்டுமே குற்றம் என ஆக்க வேண்டும். பிரிவு 43-இ-இன் அனுமானத்தை, பொதுப் புழக்கத்தில் இல்லாத சிறப்பு வகை வெடிபொருட்களோடு நிறுத்த வேண்டும். முதல், நான்காம் அட்டவணைகளில் பெயர் சேர்ப்பதற்கு நீதிபதி தலைமையிலான தீர்ப்பாயத்தின் உறுதி வேண்டும். பிரிவு 113-க்கும் முன்அனுமதிக் காப்பை நீட்டித்து, எந்தச் சட்டத்தில் பதிவது என்பதற்கு எழுத்துப்பூர்வமான அளவுகோல்களை வகுக்க வேண்டும். பிணையை மறுக்கும் விதி, வன்முறையில் நேரடிப் பங்கு முதல் பார்வையில் தெரியும் வழக்குகளுக்கு மட்டுமே உரியதாக வேண்டும். இவற்றால் உண்மையான பயங்கரவாதி ஒருவரும் தப்ப மாட்டார். குற்றம் எது என்று சட்டம் தெளிவாகச் சொல்லும்போதுதான் குற்றவாளியைத் தண்டிக்கும் தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நிலைக்கும், மக்களின் மனத்திலும் நிலைக்கும்.